முந்தி ஊற்றிய சொட்டு

எட்டரை மணி பஸ்ஸுக்கு எட்டு மணிக்கே போய் நிற்கிறவள் அவள். அடுத்தவர் பேச்சைப் பாதியில் பிடுங்கி, தானே முடித்தும் வைப்பாள். வீட்டுக்காரர் வைத்த பெயர் முந்திரிக்கொட்டை. அவர் கூப்பிட வாயெடுப்பதற்குள் "என்ன?" என்று கேட்டுவிடுவதால், அந்தப் பெயரை அவர் முழுசாகச் சொன்னதே இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் பல் பிடுங்கும் பிரிவில் பதினோரு வருடம் உதவியாளராக இருந்தாள். டாக்டர் கை நீட்டினால் இடுக்கி அதில் இருக்கும். எட்டு மாதத்துக்கு முன்பு, ஒற்றை நாற்காலி போட்ட இந்தச் சின்ன கிளினிக்குக்கு வந்தாள். இங்கே டாக்டர் இளவயதுப் பெண். பல்லைப் பிடுங்குவதைவிட அடைத்துக் காப்பாற்றுவதில்தான் அவருக்குப் பிரியம்.

ஆனால் அடைத்ததெல்லாம் நிற்கவில்லை. நாலில் ஒன்று பெயர்ந்து வந்தது. ஒரு தையல்காரருக்கு முன்பல்லின் உடைந்த மூலையை மூன்று முறை கட்டியும் மூன்று முறையும் விழுந்துவிட்டது. விழுந்த துண்டைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்து நின்றார். மூன்று வாரத்தில் மகளுக்குக் கல்யாணம்.

"நூலைப் பல்லால கடிக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று டாக்டருக்கு முன்னால் முந்திரிக்கொட்டைதான் பாய்ந்தாள்.

"கடிக்கலைம்மா. என் மெஷின் மேல சத்தியம். ரெண்டு மாசமா கத்திரிக்கோலைக் கழுத்துல மாட்டிக்கிட்டுத் திரியறேன்."

"சும்மா கதை விடாதீங்க!"

மறுநாள் வரச் சொல்லி அவரை அனுப்பிய டாக்டர், கையுறையைக் கழற்றிப் போட்டார். "அவரைத் திட்டாதீங்கக்கா. என் கைதான் சரியில்ல. அடுத்த மாசத்துலேர்ந்து அடைக்கிற வேலையே வேண்டாம். பிடுங்கறதோட நிறுத்திக்கறேன்." கண் கலங்கியிருந்தது.

மறுநாள் காலை வழக்கம்போல், தையல்காரர் உள்ளே வருவதற்கு முன்பே தட்டு தயார். பஞ்சு, தூரிகை, சின்னக் கிண்ணத்தில் ஒட்டுமருந்து இரண்டு சொட்டு. தையல்காரர் நாற்காலியில் சாய்ந்ததும் கல்யாண மண்டபத்தில் ஆரம்பித்து, சம்பந்தி வீட்டைச் சுற்றி, பந்தி வரை வந்தார். அவர் எப்போதும் அப்படித்தான், வாயைத் திறந்தால் டாக்டருக்கு வாய் காட்ட மாட்டார். போதாக்குறைக்கு போன் வர, டாக்டர் அதை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

சும்மா நிற்கத் தெரியாதவள் தூரிகையைக் கிண்ணத்தில் தொட்டாள். பாகு போல நூல் இழுத்தது. சந்தேகத்தோடு பாட்டிலைத் திறந்து தட்டின் ஓரத்தில் புதிதாக ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். அது தண்ணீராக ஓடியது, ஸ்பிரிட் வாடை குப்பென்று அடித்தது.

டாக்டர் முதல் வாரமே சொல்லிக் கொடுத்திருந்தார். பல்லில் அமிலப் பசை தடவிக் கழுவினால் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் திறக்கும். ஒட்டுமருந்து அவற்றுக்குள் இறங்கி, நீல விளக்கில் இறுகி, அடைப்பைப் பிடித்துக்கொள்ளும். மருந்தை உள்ளே இறங்க வைப்பது அந்த ஸ்பிரிட்தான். திறந்த கிண்ணத்தில் அது பறந்துவிடும், மிச்சமிருக்கும் பாகு மேலோடு நின்றுவிடும் என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

உட்கார்ந்த உடனே வாயைத் திறந்தவர்களுக்கு அடைப்பு நின்றது. தாமதமானவர்களுக்கு விழுந்தது. கதை பேசுகிற தையல்காரருக்கு மூன்று தடவையும் விழுந்தது. முன்கூட்டியே ஊற்றி வைத்ததெல்லாம் இவள்தான்.

சத்தமில்லாமல் சொட்டை மாற்றி வைத்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் டாக்டர் தன் கையைத்தானே சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார்? கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள்.

"டாக்டர், உங்க கைல ஒண்ணுமில்ல. என் கைதான். நான் முந்தி முந்தி ஊத்தி வச்சுட்டேன்."

டாக்டர் கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தார். "எட்டு மாசமா நானும் ஒரு தடவைகூடக் கிண்ணத்தைப் பாக்கலையேக்கா," என்றார். "இதுவரைக்கும் விழுந்தவங்க எல்லாரையும் கூப்பிடுங்க. திரும்பப் போட்டுக் கொடுப்போம்."

அவள் உள்ளே போய்த் தையல்காரரிடம், "மன்னிச்சுக்குங்கண்ணே, நீங்க சொன்னது நிஜம்தான்," என்றாள்.

அன்று டாக்டர் பல்லைக் கழுவி, லேசான ஈரம் மட்டும் இருக்கும்படி ஒற்றியெடுக்கும் வரை, அவள் மூடியைத் திறக்காமல் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல்கள் துறுதுறுத்தன. அவள் ஆயுளிலேயே அவ்வளவு நீண்ட அரை நிமிஷம் இருந்ததில்லை.

"இப்போ ஊத்துங்கக்கா."

கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்துத் தையல்காரர் போட்டோவோடு வந்தார். மகள் பக்கத்தில் பல் அத்தனையும் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார்.

"அசையவே இல்லையா?" என்றார் டாக்டர்.

"அசையல டாக்டர். கடிக்காமலே ரெண்டு மாசம் திட்டு வாங்கினேனா, அதான் நேத்து ஒரு நூலைக் கடிச்சே பாத்துட்டேன்!"

"அடப்பாவி மனுஷா!" என்று முந்திரிக்கொட்டை தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டர் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

"சரிக்கா, அடுத்தவங்களக் கூப்..."

அடுத்தவர் ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தட்டில் எல்லாம் தயாராக இருந்தது. கிண்ணம் மட்டும் காலியாக இருந்தது.