ஏணையில் பட்ட கடதாசி

நரம்பு நஞ்சைக் கண்டுபிடிக்கும் கடதாசித் துண்டு செய்வதுதான் கொழும்பில் என் வேலை. போரில் வீசுகிற அந்த நஞ்சு பட்டால், கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா டோர்ச்சின் கீழ் துண்டு பச்சையாய் ஒளிரும். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து சிலவும் அதே குடும்பம்தான். அவற்றையும் காட்டிக்கொடுக்கும்.

தங்கச்சியின் மூன்று மாதப் பிள்ளையைப் பார்க்க முருங்கனுக்குப் போனபோது, பெருமை பேசலாமென்று நாலைந்து துண்டு கொண்டு போனேன்.

"சண்டை முடிஞ்சு எவ்வளவு காலம். நீங்கள் இப்பதான் விசவாயு தேடுறியளோ?" என்று அவள் புருசன் சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. யன்னலைச் சாத்தி, டோர்ச்சை அடித்து, அவருக்குக் காட்டுகிற வேகத்தில் திரும்பினேன். கூரை வளையில், ஆண்கள் உடுக்கும் சாரத்தால் தொட்டிலாய்க் கட்டியிருந்த ஏணையில் கை முட்டியது. பிள்ளை நனைத்திருந்த இடத்தில் துண்டு பட்டுவிட்டது.

பச்சையாய் எரிந்தது.

துண்டு பழுதென்றுதான் முதலில் நினைத்தேன். ஒன்றை ஈரத் தரையில் வைத்தேன், ஒன்றுமில்லை. இன்னொன்றைச் சாரத்தில் அழுத்தினேன். பச்சை. தங்கச்சியிடம் திரும்பினேன்.

"இந்தச் சாரம் எங்க கிடந்தது?"

"வயலுக்கு மருந்தடிக்கிற டாங்கி ஒழுகுதெண்டு அவர் முதுகில மடிச்சுக் கட்டுறது, அக்கா. தேப்பன்ர பழஞ்சாரம்தானே பிள்ளைக்கு மெதுவாக் கிடக்கும். மூண்டு தரம் தோய்ச்சனான்."

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தகப்பனின் பழஞ்சாரத்தில்தான் ஏணை. நானும் அதில்தான் வளர்ந்தேன். 'குழப்படியே இல்லை, நாள் முழுக்க நித்திரை' என்று காலையில் அவள் சொன்னபோது, நல்ல பிள்ளை என்று மெச்சியதும் நான்தான். இப்போது தூக்கினால் துணிபோல் துவண்டான். வாயெல்லாம் வீணீர். கண்மணி ஊசிமுனையளவு. எல்லாம் அந்த நஞ்சின் குறிகள். படித்த முட்டாள் நான், இவ்வளவு நேரமும் அவன் பக்கத்திலிருந்து தேத்தண்ணி குடித்திருக்கிறேன்.

சவர்க்காரம் போட்டுக் கழுவி, வேறு துணியில் சுற்றி, ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். மருந்துப் போத்தலையும் பையில் கட்டிக் கொண்டுபோய்க் காட்டினேன். டொக்டர் ஊசி போட்டார். அதன்பிறகு நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பின்னேரம் பிள்ளை வீரிட்டு அழுதான். இனிப் பயமில்லை என்றார் டொக்டர். தங்கச்சி அழுதுகொண்டே அவனைப் புருசனிடம் நீட்டினாள். அவர் பின்னால் நகர்ந்து, கைகளை முதுகுக்குப் பின் கட்டிக்கொண்டார்.

"பொறு. குளிச்சிட்டு வந்து தூக்கிறன்."

ஆஸ்பத்திரிக் குழாயடியில் அவர் அதற்குள் இரண்டு தரம் குளித்திருந்தார்.