மாதிரிக்குச் சேர்ந்த மஞ்சள்

ஆரணியில் ஒரு கதவு எப்போதும் சாத்தியே இருந்தால், உள்ளே கள்ளநோட்டு அடிக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். மூடிக்கிடந்த அரிசி மில் ஒன்றை ஹேமநாத் வாடகைக்கு எடுத்து, ஜன்னல்களை அடைத்து ஏசி மாட்டியபோது ஊர் அப்படித்தான் பேசியது. வெளிநாட்டில் படித்து வந்தவர், எலும்பு சம்பந்தமாக ஏதோ செய்கிறார் என்று தெரிந்ததும் பேச்சு இன்னும் மோசமானது. சுடுகாட்டிலிருந்து ராத்திரியில் மூட்டை வருகிறதாம். டீக்கடையில் ஒருவர் கண்ணால் பார்த்ததாகச் சத்தியமே செய்தார். அவர் பார்த்தது பக்கத்துக் குடோனுக்கு வந்த தவிடு.

அங்கே வேலைக்குப் போன ஒரே உள்ளூர்ப் பெண் அபிதகுசாம்பாள், சுருக்கமாக அபிதா. பட்டுநூலுக்குச் சாயம் போடும் தருமனின் மகள், வேதியியல் பட்டதாரி. தெருவில் அவளுக்கு 'எலும்புக்காரி' என்று பேர் வைத்தார்கள். "எலும்பெல்லாம் இல்லக்கா, அது ஒரு புரோட்டீன்" என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். நம்பாமல் இருப்பதில் எங்கள் ஊருக்குத் தனி ருசி. ஒருத்தரும் நம்பவில்லை.

விஷயம் இவ்வளவுதான். செல்லிடம் போய் 'நீ எலும்பாக மாறு' என்று தகவல் சொல்கிற புரதம் ஒன்று நம் உடம்பில் இருக்கிறது. அதற்கான மனித ஜீனை பாக்டீரியாவுக்குள் வைத்து, அந்த பாக்டீரியாவைக் குடுவையில் வளர்த்து, புரதத்தைப் பிரித்தெடுத்து, எலும்பு ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு விற்றார் ஹேமநாத். பாக்டீரியா செய்து தரும் புரதம் கசங்கிப்போய் வரும்; அதைச் சரியாக மடிய வைப்பது, அங்கே வேலை பார்த்த இன்னொருவனான ரஞ்சித்குமாரின் வேலை. அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்ப்பது அபிதாவின் வேலை. எலியின் செல்களுக்கு அதைக் கொடுத்தால், அவை எலும்பு செல் மாதிரி ஒரு நொதியை உண்டாக்கும். மேலே நிறமில்லாத ஒரு கரைசலை விட்டால் நொதி அதை மஞ்சளாக்கும். நல்ல சரக்கென்றால் மஞ்சள் சீக்கிரம் ஏறும். குறித்த நேரத்தில் காரக் கரைசலை ஊற்றி நிறம் ஏறுவதை நிறுத்தி, எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கருவியில் அளக்க வேண்டும்.

2003இல் வேலூரிலிருந்து சாவித்திரி என்ற ஆராய்ச்சியாளர் ஃபோன் செய்தார். புதிதாக வந்த சரக்கு வேலையே செய்யவில்லை என்றார். ஹேமநாத் பழைய அளவுகளையெல்லாம் எடுத்துப் பார்த்தார். எல்லாச் சரக்குக்கும் அச்சில் வார்த்தது போல ஒரே அளவு. உயிருள்ள செல்கள் அப்படி நடந்துகொள்ளாது. இந்தப் பெண் சோதனையே செய்யாமல் உட்கார்ந்த இடத்தில் எண்களை எழுதியிருக்கிறாள் என்று அவர் முடிவு கட்டினார்.

நேரே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. படித்தவரின் சந்தேகம் டீக்கடைச் சந்தேகத்தைவிட மோசம், வாயே திறக்காது. சரக்கு வைக்கும் ஃபிரீசரின் சாவியை அவளிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டார். அவள் வரும்போது பேச்சை நிறுத்தினார். ரஞ்சித்குமார் நல்ல சரக்கை வெளியே விற்றுவிட்டுத் தன்மேல் பழி போடுகிறான் என்று அபிதா நினைத்தாள். ரஞ்சித்குமார் இரண்டு பேரையும் சந்தேகப்பட்டான். மூன்று பேரும் மூன்று மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"என்னைப் பொய்க்காரின்னு நினைச்சிகினு இருக்காரும்மா" என்று வீட்டில் அழுதாள் அபிதா. அந்தப் பேரோடு வெளியே வந்தால் வேறு எந்த லேபும் அவளைச் சேர்க்காது. ஊர் வேறு, 'நாங்க அன்னிக்கே சொன்னோமே' என்று சொல்லக் காத்திருந்தது.

ஒருநாள் ஹேமநாத் புதுச் சரக்கையும் பழைய சரக்கு ஒன்றையும் கொடுத்து, "என் எதிர்ல செய்" என்றார். அவள் செய்தாள். கரைசல் விட்டதும் பழைய சரக்கின் தட்டு மளமளவென்று மஞ்சளானது. அதற்குக் காரம் ஊற்றி நிறுத்தினாள். புதுச் சரக்கின் தட்டு வெளுத்தே கிடந்தது. அவள் நிறுத்தவில்லை. அதைக் கதவோரம் எடுத்துப்போய் வெயில் வெளிச்சத்தில் பார்த்தாள். திரும்ப வைத்தாள். மறுபடி எடுத்துப்போனாள்.

"நேரம் தாண்டிப் போச்சே, ஏன் நிறுத்தலை?"

"இன்னும் சேரலைங்க சார்."

"எதோட சேரணும்?"

அவள் கதவில் ஒட்டியிருந்த துண்டுப் பட்டுநூலைக் காட்டினாள். வேலைக்குச் சேர்ந்த அன்று நல்ல சரக்கின் தட்டைக் காட்டி, 'இந்த மஞ்சள் வரணும்' என்று ஹேமநாத்தான் சொல்லியிருந்தார். அன்றே அப்பாவிடம் நிறம் சொல்லி, அதே மஞ்சளில் சாயம் போட்டு வாங்கி வந்த மாதிரி நூல் அது. சாயப்பட்டறையில் நேரத்தை யார் பார்க்கிறார்கள்? மாதிரிக்குச் சேரும்வரை நூல் தொட்டியில்தான் கிடக்கும். அவளும் ஒவ்வொரு தட்டையும் அப்படித்தான் சேர்த்திருந்தாள். நல்ல சரக்கும் செத்த சரக்கும் ஒரே மஞ்சளில் வந்து நின்றன.

ஹேமநாத் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "நீ பொய் சொல்லலை" என்றார். அபிதாவுக்கு அப்பாடா என்று இருந்தது. அடுத்த நிமிஷமே இதுவரை அனுப்பிய சரக்கெல்லாம் நினைவுக்கு வந்தது.

"அப்ப இத்தினி நாள் நாம அனுப்பினதுல எது நல்லதுன்னே தெரியாதா சார்?"

அவர் ஃபோனை அவள் பக்கம் நகர்த்தினார். "கரண்ட் போய் ஃபிரீசர்ல கெட்டுப்போச்சுன்னு வேலூருக்குச் சொல்லிடலாம். நீயே பேசிடு" என்றார்.

அவளுக்குக் கோபம் வந்தது. "பொய் சொல்றேன்னு இவ்ளோ நாள் சந்தேகப்பட்டீங்க. இப்ப பொய் சொல்லச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு, அவர் எதிரிலேயே வேலூர் நம்பரை அழுத்தி, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். வசவுக்குத் தயாராகத்தான் நின்றாள்.

மறுமுனையில் சாவித்திரி சொன்னார்: "என் லேப்ல பானுப்ரியான்னு ஒரு பொண்ணும்மா. நீங்க அனுப்பின அளவெல்லாம் சரியா இருந்ததால, அவளுக்குத்தான் செல் வளர்க்கத் தெரியலை, பொய்க் கணக்கு காட்டுறான்னு நேத்து எல்லார் எதிர்லயும் திட்டிட்டேன். படிப்பை விட்டுட்டுப் போறேன்னு ஹாஸ்டல்ல பெட்டி கட்டிகினு இருக்கா."

"லைன்லயே இருக்கேன் மேடம்" என்றாள் அபிதா. "அவங்களை ஜல்தியாக் கூப்பிடுங்க. நானே சொல்றேன்."