சத்தம் ஒத்துக்கொள்ளாத டிஸ்க்

சாவிக்காரருக்கு ஒரு காலத்தில் அடர்த்தியான மீசை இருந்தது. அந்த மீசையைப் பார்த்துத்தான் பெண் கொடுத்தேன் என்று அவருடைய மாமனாரே சொல்லியிருக்கிறார். இன்றைக்கு அந்த இடம் மழமழவென்று இருக்கிறது. மனைவிக்கு ஒரு காய்ச்சலில் காது போன பிறகு, எதிரில் நின்று பேசுகிறவர்களின் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகினார் அந்த அம்மா. அடுத்த வீட்டார் உதடெல்லாம் தெரிந்தது, கட்டின புருஷன் உதடு மட்டும் மீசைக்குள் ஒளிந்துகொண்டிருந்தது. சாவிக்காரர் ஒரு காலையில் சலூனுக்குப் போய் எடுத்துவிட்டு வந்தார். "மீசையை எங்கடா அடகு வச்சே?" என்று அவருடைய அக்கா பத்துப் பேர் நடுவில் கேட்டார். சாவிக்காரர் சிரித்ததோடு சரி. அக்காவுக்குப் பதில் சொல்லி ஜெயித்தவர் அந்தக் குடும்பத்தில் யாரும் கிடையாது.

அவருக்கு மார்க்கெட் வாசலில் ஒரு பெட்டி மாதிரிக் கடை. ஒரு ஆள் உட்காரலாம், இரண்டாவது ஆள் வந்தால் முதல் ஆள் வெளியே வர வேண்டும். சாவிக்குச் சாவி வெட்டித் தருவதுதான் வேலை. வீடு ஒரு பழைய குடியிருப்பின் இரண்டாம் மாடியில். முன்னறையில் மனைவியின் தையல் மிஷின், அதற்கு எதிரே டி.வி., அதன் கீழே ஒரு டிஸ்க் பிளேயர். அந்த மாடியில் எல்லாரும் மனைவியைத் தையல்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் பக்கத்து வீட்டுப் பெண்கள் அந்த முன்னறையில் கூடிப் படம் பார்ப்பது வெகுநாள் வழக்கம். காது போன பிறகும் அவர்கள் வந்தார்கள். தையல்காரம்மாதான் எல்லாருக்கும் டீ கொடுத்துவிட்டு, வேலை இருப்பதுபோல் சமையலறைக்குள் போய் நின்றுகொள்வார். சினிமாக்காரர்கள் நேராக நின்றா பேசுகிறார்கள்? முதுகைக் காட்டி அழுவார்கள், மரத்தைப் பார்த்துப் பாடுவார்கள். எந்த உதட்டைப் பிடிப்பது? தன் வீட்டு முன்னறையில் தனக்கே இடம் இல்லாமல் மனைவி நிற்பது சாவிக்காரருக்குத் தொண்டையில் முள்ளாக இருந்தது.

படத்துக்குக் கீழே பேச்சை எழுத்தாகப் போட்டால் என்ன என்று அப்போதுதான் கேட்டார். யாரைக் கேட்பது? தன்னையே கேட்டுக்கொண்டார். தன் கடை வாடிக்கையாளர் ஒருவர் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

பிளேயர் லேசுப்பட்டதல்ல. மாமியார் குணம். ஒரு டிஸ்க்கை வாங்கிக்கொள்ளும், அதே மாதிரி இன்னொன்றைத் துப்பிவிடும். ஒரு ஃபைலைப் பாடச் சொன்னால் பாடும், அதன் கூடப்பிறந்த ஃபைலை யாரென்றே தெரியாது என்று சொல்லும். இதில் ஆள் சோர்ந்திருக்க வேண்டும். ஆனால் சாவி வெட்டுகிறவருக்கு இது புதிதா? தலை ஒரே மாதிரி இருக்கும், நீளம் ஒரே மாதிரி இருக்கும், உள்ளே ஒரு பல் மாறியிருந்தால் பூட்டு அசையாது. ஃபைலுக்கும் வெளியே எழுதியிருக்கிற பெயர் வேறு, உள்ளே இருக்கிற பல் வேறு என்று பிடித்துக்கொண்டார்.

எழுத்து ஃபைலுக்கும் பட ஃபைலுக்கும் ஒரே பெயர் இருந்தால்தான் பிளேயர் இரண்டையும் சேர்த்து வைக்கும். நடுவில் ஒரு இடைவெளி கூடிப்போனாலும் உறவு முறிந்தது. பெயரைச் சரிசெய்தார். எழுத்து வந்தது, கட்டம் கட்டமாக. பிளேயருக்குத் தமிழ் படிக்கத் தெரியாதாம். சரி, உனக்குத் தெரியாவிட்டால் போ என்று எழுத்தைப் படத்தோடு படமாகவே ஒட்டவைக்கும் வழியைக் கண்டுபிடித்தார். காலையில் கம்ப்யூட்டரை ஓடவிட்டுக் கடைக்குப் போனால் சாயங்காலம் வரும்போது ஒரு படம் வெந்து முடிந்திருக்கும்.

முதல் படம் ஓடிய ஞாயிற்றுக்கிழமை தையல்காரம்மா டீயோடு வந்தவர், நின்றபடியே இரண்டு வரி படித்தார். அப்புறம் தட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு டீ ஆறிப்போனதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அதிலிருந்து அந்தக் குடியிருப்பில் யாருக்கு டிஸ்க் ஓடாவிட்டாலும், பென்டிரைவ் பேசாவிட்டாலும் நேராக அவரிடம்தான் வருவார்கள். "சாவியண்ணே, இது ஓடுமா?" அவர் இல்லை என்று சொன்னதே கிடையாது. வாங்கி வைத்துக்கொள்வார், இரண்டு நாளில் ஓடும். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், மீசை இல்லாத மனிதருக்கு முறுக்க வேறு என்ன இருக்கிறது?

மனிதர் உள்ளதை உள்ளபடி எழுதுகிறவர் என்று சொல்ல மாட்டேன். கெட்ட வார்த்தையை எழுதக் கை வராது. வில்லன் வாய் நிறைய வைதுகொண்டிருப்பான், கீழே "நீங்கள் செய்வது கொஞ்சமும் நன்றாக இல்லை" என்று போகும். காது கேட்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தையல்காரம்மா அவர்களைப் பார்ப்பார், எழுத்தைப் பார்ப்பார், கணவரைப் பார்ப்பார்.

ஒருமுறை யானைக்கும் அடி சறுக்கியது. படம் ஓடியது, எழுத்து வந்தது, சத்தம் வரவில்லை. சத்தத்தையும் பல வகையாகச் சுருக்கி அடைக்கிறார்கள். கம்ப்யூட்டருக்குத் தெரிந்த வகை பிளேயருக்குத் தெரியவில்லை. பெண்கள் ரிமோட்டைத் தட்டினார்கள், ஒயரை ஆட்டினார்கள், கடைசியில் வேறு வழியில்லாமல் எழுத்தைப் படித்தே பார்த்தார்கள். "இன்னைக்கு எல்லாரும் நம்ம கட்சி" என்றார் தையல்காரம்மா. அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

இந்த வருஷம் மகளுக்குக் கல்யாணம் ஆனது. நல்ல இடம், நல்ல பையன். வீடியோக்காரர் டிஸ்க்கைக் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய மெஷினில் ஓடியது, இங்கே ஓடவில்லை. எழுதி முடித்த டிஸ்க்கை, இனி எழுதுவதற்கில்லை என்று கம்ப்யூட்டரில் மூடாமல் விட்டுவிட்டார், மூடாத டிஸ்க்கை எழுதிய மெஷின் மட்டும்தான் படிக்கும். சாவிக்காரர் அதைத் திருப்பிக் கொண்டுபோய் மூடி வாங்கிவந்தார். தையல்காரம்மா அவர் எதிரில் வந்து நின்றார்.

"நம்ம பொண்ணு கல்யாணத்துல யார் என்ன சொன்னாங்கன்னு எனக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது. எல்லாத்தையும் எழுதிக் குடுங்க. ஒண்ணும் விடக்கூடாது."

அதைவிட வேறு என்ன வேலை? கடை முடிந்து வந்ததும் உட்கார்ந்துவிடுவார். வாழ்த்துச் சொன்னவர்கள், சாப்பாட்டில் உப்பு இல்லை என்றவர்கள், செருப்பைத் தேடினவர்கள் என்று எல்லார் பேச்சையும் எழுதினார். பாதியில் கேமரா பெண்கள் வரிசைப் பக்கம் திரும்பியது. அவருடைய அக்கா பக்கத்துப் பெண்மணியிடம் சாய்ந்து பேசிக்கொண்டிருந்தார். மைக் எங்கே இருந்ததோ, அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

"பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா. அவ அம்மாவுக்குக் காது போன மாதிரி இவளுக்கும் போகாம இருக்கணும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கிட்ட அதைச் சொன்னாங்களோ இல்லையோ."

சாவிக்காரர் கையை எடுத்துவிட்டார். கோபம் வந்தது, அதைவிடப் பயம் வந்தது. எழுதினால் மனைவி உடைந்துபோவாள். வெட்டி எடுத்தால், தான் வந்த இடம் எங்கே என்று அக்கா தேடுவார், அக்காவை வெட்டினால் அக்கா நம்மை வெட்டுவார். மாற்றி எழுதினால்? அக்கா, மகள், மாப்பிள்ளை, பக்கத்து வீட்டார் எல்லாரும் டிஸ்க் ஓடப்போகிற ஞாயிற்றுக்கிழமை இங்கேதான் இருக்கப்போகிறார்கள். மேலே ஒன்று கேட்கும், கீழே ஒன்று ஓடும். வில்லன் வசனத்துக்குச் சிரித்தவர்கள் இதற்குச் சிரிக்க மாட்டார்கள். எல்லார் முகமும் மாறும், அந்த முகங்களைப் படிக்க மனைவிக்கு எழுத்தா வேண்டும்? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று சும்மாவா சொன்னார்கள்.

இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாவது நாள் ஒரு பூட்டுக்குச் சாவி வெட்டிக்கொண்டிருந்தவருக்கு அன்றைக்குச் சத்தம் வராமல் ஓடிய அந்த ஊமைப் படம் ஞாபகம் வந்தது. வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்தார். அக்கா பேசின இடத்தில் இப்படி எழுதினார்: "பொண்ணு லட்சணமா இருக்கா. எல்லாம் அவ அம்மா வளர்ப்பு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க குடுத்துவச்சவங்க." மாப்பிள்ளை என்ற சொல் உதட்டில் வருகிற இடத்திலேயே எழுத்திலும் வரும்படி பார்த்துக்கொண்டார். அப்புறம் வாழ்நாளில் முதல் தடவையாக, இந்த பிளேயருக்குத் தெரியாத வகை எது என்று தேடிப்பிடித்து, சத்தத்தை அதில் அடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை முன்னறை நிரம்பியது. டிஸ்க் சுற்றியது, மகள் திரையில் வந்தாள், சத்தம் வரவில்லை. மாப்பிள்ளை எழுந்து ஒயரைப் பார்க்கப் போனார். "உக்காருங்க மாப்பிள்ளை, பெட்டிக்கு இந்தச் சத்தம் ஒத்துக்கலை. எழுத்து இருக்கே, படிச்சுக்கலாம்" என்றார் சாவிக்காரர்.

அக்கா விடுவாரா? "ஊரான் டிஸ்க்கையெல்லாம் ஓட வச்சே. பெத்த பொண்ணு கல்யாணம் மட்டும் ஊமைப் படமாடா?"

பக்கத்து வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாளைக்குள் மூன்று மாடிக்கும் செய்தி போய்விடும். சாவிக்காரர் காது சிவக்க உட்கார்ந்திருந்தார். கர்வம் போனால் போகட்டும் என்று முன்பே முடிவு செய்தவர்தான். இருந்தாலும் வலித்தது.

கொஞ்ச நேரத்தில் எல்லாரும் படிக்கப் பழகிவிட்டார்கள். உப்பு இல்லை என்றவரைப் படித்துச் சிரித்தார்கள், செருப்புத் தேடியவரைப் படித்து இன்னும் சிரித்தார்கள். பெண்கள் வரிசை வந்தது. அக்கா திரையில் சாய்ந்தார். எழுத்து ஓடியது.

"எவ்வளவு நல்ல மனசும்மா உங்களுக்கு" என்று பக்கத்து வீட்டுப் பெண் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்காவுக்கு மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. தான் சொன்னது தனக்கு மறக்குமா? தம்பியைப் பார்த்தார். தம்பி பிளேயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அக்கா எழுந்து போய்த் தையல்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தை நேராகத் திருப்பினார். அந்த வீட்டில் அவர் அப்படி நேராகத் திரும்பிப் பேசியது அதுதான் முதல் தடவை.

"நான் அப்படியா சொன்னேன்?"

"அப்படித்தானே எழுதியிருக்கு, அண்ணி."

அக்கா திரையைப் பார்த்தார், தன் மடியைப் பார்த்தார். "சொல்லியிருப்பேன்" என்றார் மெதுவாக. "சொல்ல வேண்டியதுதானே. நீ வளர்த்த பொண்ணுதானே." கிளம்பும்வரை அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

அக்காவும் பக்கத்து வீட்டாரும் போன பிறகு சாவிக்காரர் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். தையல்காரம்மா கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பினார்.

"அண்ணி என்ன சொன்னாங்கன்னு எனக்குக் கல்யாணத்தன்னைக்கே தெரியும். எதிர்லதானே உக்காந்திருந்தேன். எத்தனை வருஷமா அந்த வாயைப் பாக்கறேன், அதுக்குச் சத்தம் வேற வேணுமா?"

சாவிக்காரர் டம்ளர்களைக் கீழே வைத்தார். "தெரிஞ்சுமா எழுதச் சொன்னே?"

"அவங்க சொன்னதுதான் எனக்குத் தெரியுமே. அதைக் கேட்டுட்டு நீங்க என்ன சொல்லுவீங்கன்னு தெரிய வேண்டாமா?"

மழமழவென்ற அந்த மேலுதடு நடுங்கியது. மறைத்துக்கொள்ள மீசைகூட இல்லை. அதற்குள் மாப்பிள்ளை டிஸ்க்கைக் கையில் பிடித்தபடி சமையலறை வாசலில் வந்து நின்றார். தனக்கும் கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரியும், சத்தத்தைச் சரிசெய்து எடுத்துவரட்டுமா என்று கேட்டார். சாவிக்காரர் வாயைத் திறக்குமுன் தையல்காரம்மா மாப்பிள்ளையின் உதட்டைப் படித்துவிட்டார்.

"வேண்டாம் மாப்பிள்ளை" என்றார், டிஸ்க்கை வாங்கி ஈரக் கை படாமல் பிடித்துக்கொண்டு. "அது நல்லாத்தான் ஓடுது."