ரெக்ஸின் காக்கா

மாமாவின் துணிப்பையிலிருந்து முதலில் வெளியே வந்தது ஒரு மூக்கு. கறுப்பாக, கூராக, விரல் நீளத்துக்கு இருந்தது. துவைப்பதற்கு அழுக்கு வேட்டியை எடுக்கப்போன அம்மா, பையைப் பிடித்தபடி கொல்லைப்புறத்தில் அப்படியே நின்றுவிட்டாள். மூக்குக்குப் பின்னால் ஒரு தலை வந்தது. அப்புறம் கறுப்பு ரெக்ஸினில் தைத்த உடம்பு. வயிற்றில் தேங்காய் நார் பிதுங்கிக்கொண்டிருந்தது. கால் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கம்பிகள்.

"இவன் யாருக்கோ வெக்கிறான்டா. இல்லேன்னா யாரோ இவனுக்கு வெச்சிருக்காங்க," என்றாள் அம்மா. செய்வினை என்ற சொல்லை வீட்டுக்குள் சொல்லமாட்டாள். சொன்னால் அதுவே வந்து உட்கார்ந்துவிடும் என்று பயம்.

மாமா அம்மாவின் தம்பி. ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் வீதியில் எங்களோடுதான் இருந்தார். டவுனில் பஸ் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் சீட் தைக்கும் வேலை. நாலு வருடமாக டெம்பரவரி. மருங்காபுரியில் ஒரு பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போய், பெண் வீட்டார், "வேலை பர்மனென்ட் ஆகட்டுங்க, பேசிக்கலாம்" என்று ஒரே வாக்கியத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். இந்த நேரம் பார்த்து மாமா இரண்டு வாரமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பிப்போய், சாயங்காலம் கையெல்லாம் சிராய்ப்போடு திரும்பினார். அம்மாவிடம் முதலில் இரண்டு சந்தேகங்கள் இருந்தன. ஒன்று மந்திரவாதி, இன்னொன்று வேறொரு பெண். பையைப் பார்த்த பிறகு மூன்றாவதாக ஒன்று சேர்ந்தது. அந்த மந்திரவாதியே ஒரு பெண்ணாக இருக்கலாம்.

"வர ஞாயித்துக்கிழமை நீயும் அவன்கூடப் போ. எங்க போறான், யார்கிட்ட பேசுறான், எல்லாம் பாத்துட்டு வந்து சொல்லு," என்று எனக்கு உத்தரவாயிற்று.

அந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் எங்கள் வீதியில் கிடையாது. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. சிலேட்டுக் குச்சி காணவில்லை என்றால் ஐந்து பேர்மேல் சந்தேகப்பட்டு, இரண்டு பேரோடு சண்டை போட்டு முடிந்த பிறகு, அது என் டவுசர் பையில் கிடைக்கும்.

கூட வருகிறேன் என்றதும் மாமா உடனே சரி என்றார். அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. மெயின்கார்டு கேட்டில் இறங்கித் தஞ்சாவூர் பஸ் மாறி உட்கார்ந்ததும், நான் கேட்காமலே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

பட்டறை மேனேஜர் பட்டாளத்திலிருந்து வந்தவர். எல்லோரும் கேப்டன் என்பார்கள். துவாக்குடி தாண்டி அவருக்கு ஒரு மாந்தோப்பும் அதற்குள் கோழிப்பண்ணையும் இருந்தன. வெள்ளைவெளேரென்ற சீமைக் கோழிகள். அவற்றின் குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் காக்காய்கள் தூக்கிக்கொண்டு போயின. கேப்டனிடம் இரட்டைக்குழல் துப்பாக்கி உண்டு. ஆனால் ஆளைக் கண்டதும் காக்காய்கள் பறந்துவிடும். பொம்மைக் காக்காய்களை மர உச்சியில் உட்கார வைத்தால், நிஜக் காக்காய் நம்பிப் பக்கத்தில் வந்து உட்காரும் என்று அவர் எங்கேயோ படித்திருந்தார். சீட் தைக்கிறவனைக் கூப்பிட்டார். தைத்தவனையே மரமேறவும் சொன்னார்.

"காக்கா விழுந்தா உன் பேப்பர்ல கையெழுத்துன்னு சொல்லியிருக்காருடா. ஆனா அக்காகிட்ட காக்கான்னு வாயத் தொறந்துடாதே. கோழிக்குப் படுதா தைக்கிறேன்னு சொல்லு," என்றார் மாமா. இதற்கு ஒரு கோலி சோடாவும் வாங்கிக் கொடுத்தார். அம்மாவின் ஒற்றன் துவாக்குடி போய்ச் சேருவதற்குள் கட்சி மாறிவிட்டான்.

மாமா பயந்ததில் நியாயம் உண்டு. தாத்தா இறந்த நாளிலிருந்து அம்மா தினமும் முதல் பிடிச் சோற்றைக் கொல்லைச் சுவரில் வைத்து, "அப்பா, வாங்கப்பா" என்று கூப்பிடுவாள். காக்காய் வந்து கொத்திய பிறகுதான் எங்களுக்கு இலை. சில நாள் அதனிடம், "ரசம் இன்னிக்குக் கொஞ்சம் உறைப்புப்பா" என்று மன்னிப்பும் கேட்பாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, மாமாவும் வேலைக்குக் கிளம்பும்போது சுவரைப் பார்த்து, "போயிட்டு வரேம்பா" என்று மெல்லச் சொல்வதை நான் இரண்டு தடவை பார்த்துக் குறித்து வைத்திருந்தேன்.

தோப்பில் இருந்ததிலேயே உயரமான நாட்டு மாமரத்தில், நாலு பொம்மைகளையும் துண்டில் கட்டி முதுகில் போட்டுக்கொண்டு மாமா ஏறினார். கீழே இருந்து கேப்டன் கத்தினார்.

"உச்சிக் கிளையில கட்டுப்பா! தலை மேல, வால் கீழ! நேரா உக்காந்திருக்கணும்! அப்பத்தான் மத்ததுக்குப் பயம் போகும்!"

"சரிங்க சார்!" என்று இலைகளுக்குள்ளிருந்து குரல் வந்தது.

மாமா இறங்கியதும் கேப்டன் கீற்று மறைப்புக்குள் போய் உட்கார்ந்தார். காக்காய்கள் வந்தன. மரத்துக்கு மேலே வட்டமடித்தன. ஊரே கேட்கிறமாதிரி கத்திவிட்டு, ஒன்றுகூட உட்காராமல் போய்விட்டன. கேப்டன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேலே பார்த்தார். தூரத்தில் இருப்பது அவருக்கு மங்கல். ஆனால் பட்டாளத்துக்காரர் அதை ஒப்புக்கொள்ள முடியாது.

"நேராத்தானே கட்டினே?"

"நேராத்தாங்க சார். காத்துல அசையுது போல."

"அடுத்த வாரம் பாப்பேன். அதுக்கும் வரலேன்னா விட்டுடலாம். ஒரு காக்கா தைக்க வராதவன் சீட்டை எப்படித் தைக்கிறான்னும் பாக்கணும்."

எனக்கு மாமாவின் கல்யாணம் மரத்திலிருந்து கீழே விழுவது கண்ணுக்குத் தெரிந்தது. பம்ப்செட் கூரையில் ஏறி அண்ணாந்து பார்த்தேன். நாலு பொம்மைகளும் வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்கின. காற்றாம் காற்று. அன்றைக்கு ஓர் இலைகூட அசையவில்லை. இது ஆள் செய்த வேலை.

ஆளையும் உடனே கண்டுபிடித்துவிட்டேன். தோப்புக் காவல்காரர். சதா பீடியும் சிரிப்புமாக இருப்பவர். அவர் சித்தி மகன் ஒருவன் பட்டறையில் வேலை கேட்டு அலைகிறான் என்று மாமாவே பஸ்ஸில் சொல்லியிருந்தார். மாமாவுக்கு பர்மனென்ட் ஆகாவிட்டால் அந்த இடம் யாருக்கு? காக்காய்கள் கத்திக்கொண்டு போனபோது அந்த மனிதர் முகத்தில் ஒரு சந்தோஷம் வேறு தெரிந்தது. துப்பறிகிறவன் பாதியில் வாயைத் திறக்கக்கூடாது என்பதால் மாமாவிடம்கூட நான் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு மாமா ஏறிக் கட்டிவிட்டு இறங்கினார். ஜீப் சீட் கிழிந்திருக்கிறது, பார் என்று கேப்டன் அவரை வீட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். நான் கூரையில் ஏறிப் பார்த்தால், நாலும் அதற்குள் தலைகீழ்! காவல்காரர் அவ்வளவு நேரமும் என் கண்ணெதிரே கிணற்றடியில்தான் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். வேறு ஒரு பையனாக இருந்தால் இந்த இடத்தில் யோசித்திருப்பான். நானோ, ஆள் எவ்வளவு கெட்டிக்காரன் என்று வியந்தேன்.

மரத்தில் ஏறினேன். இப்போது என்னை அந்த மரத்துக்குக் கீழே நிற்க வைத்தாலே மூச்சு வாங்கும். அன்று நான் இருந்த எடைக்கு உச்சிக் கிளையே கவலைப்படவில்லை. முசுறு எறும்புகள் கழுத்திலும் காதிலும் கடித்தன. பல்லைக் கடித்துக்கொண்டு கம்பிகளை வளைத்து, நாலையும் நிமிர்த்தி உட்கார வைத்தேன். நிமிர்ந்ததும் அவற்றுக்கு உயிர் வந்துவிட்டது. பந்திக்குக் காத்திருக்கும் சம்பந்திகள் மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. இறங்கிப்போய்ப் பம்ப்செட் பின்னால் நின்றுகொண்டேன்.

கேப்டன் மறைப்புக்குள் போனார். மாமா பக்கத்தில் குந்தினார், மேலே பார்க்கவில்லை. ஒரு காக்காய் வந்து பொம்மைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தது. இன்னொன்று வந்தது. அப்புறம் பத்து, பதினைந்து. சத்தம் கேட்டுத்தான் மாமா நிமிர்ந்தார். திடீரென்று அவருக்கு அப்படி ஓர் இருமல் வந்தது. ஏற்பாடு எல்லாம் பலிக்கிற நேரத்தில் இந்த மனிதர் இருமுகிறாரே என்று நான் பதறினேன். அதற்குள் துப்பாக்கி வெடித்துவிட்டது.

ஐந்து விழுந்தன. ஒன்று இறக்கையை இழுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடி, வரப்பில் சாய்ந்தது.

"சபாஷ்! நாளைக்கு ஆபீஸ்ல வந்து என்னைப் பாரு!" என்று கேப்டன் மாமாவின் முதுகில் அறைந்தார். காவல்காரர் பீடியைக் கீழே போட்டார். சிரிப்பைக் காணவில்லை. தோற்றுப்போன குற்றவாளியின் முகம் அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மாமா என்னிடம் வந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். அவர் என் கழுத்தைப் பார்த்தார். குனிந்து, ஒவ்வொரு முசுறாகப் பிய்த்து எறிந்தார்.

"மேல ஏறினியா?"

"ஆமா மாமா. யாரோ தலைகீழா ஆக்கி வெச்சிருந்தாங்க. நான் எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன்."

"ம்." கடைசி எறும்பையும் எடுத்துப்போட்ட பிறகு, "விழுந்திருந்தா என்னடா ஆவுறது," என்றார். அவ்வளவுதான். திரும்பி வரும்போது ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கோலி சோடாவும் இல்லை.

மறுநாள் காலை அம்மா சுவரில் சோறு வைத்தாள். காக்காய் வரத் தாமதமாயிற்று. மாமா ஈரத்தலையோடு கொல்லை வாசலில் நின்றார். பஸ் போயிடும்டா, நல்ல நாளும் அதுவுமா லேட்டாப் போகாதே என்று அம்மா விரட்டியும் நகரவில்லை. கடைசியில் ஒன்று வந்து கொத்தியது. அது தின்று முடிக்கும்வரை பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அந்த மாதமே பர்மனென்ட் ஆயிற்று. மருங்காபுரியில் கல்யாணம். இத்தனையும் என்னால் நடந்தது என்று எனக்கு மட்டும் தெரியும். பந்தியில் எனக்குக் கூடுதலாக ஒரு ஜாங்கிரி வைக்கச் சொல்லவேண்டும் என்றுகூட மாமாவுக்குத் தோன்றவில்லையே என்று மனத்தாங்கல்.

அடுத்த கோடையில் அம்மாவும் புது அத்தையும் மொட்டைமாடியில் கூழ் வடகம் ஊற்றினார்கள். காக்காய்த் தொல்லை என்று, மாமாவை ஒரு பொம்மை தைத்துத் தரச் சொன்னாள் அம்மா. மாமா தைத்து, காலில் கயிறு கட்டி, கம்பில் தலைகீழாகத் தொங்கவிட்டார். அனுபவஸ்தனான என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"நேராக் கட்டுங்க மாமா."

அம்மா சிரித்தாள். "அட மக்கு. செத்த காக்கா மாதிரி தலைகீழாத் தொங்கினாத்தான்டா மத்தது கிட்ட அண்டாது. உங்க தாத்தா கடலைக் கொல்லையில கட்டச் சொல்லுவாரு. உன் வயசுல உங்க மாமாதான் மரத்துல ஏறிக் கட்டுவான். கேளேன் அவனை."

மாமா கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டார். ஏற்கெனவே போட்ட முடிச்சு இறுக்கமாகத்தான் இருந்தது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான் அங்கேயே நின்று ரொம்ப நேரம் யோசித்து, ஒரு முடிவுக்கு வந்தேன். அப்படியானால், இந்த விஷயம் அந்தக் காவல்காரருக்கும் தெரிந்திருக்கிறது.