மாக்ரெட் கத்தாமல் இறக்கிய பாய்மரம்

கொழும்பில் கொட்டாஞ்சேனைச் சந்தியில் இறங்கி மாக்ரெட் வீடு எது என்று யாரும் விசாரிக்கத் தேவையில்லை. கொஞ்சம் நின்று காது கொடுத்தால் போதும். "பேர்னாட்! மீன் பெட்டிய வெயில்ல வச்சிட்டு எங்க போனீங்க?" என்று எந்தப் பக்கம் கேட்கிறதோ, அந்தப் பக்கம் நடந்தால் சரி. புருஷன் பேர்னாட் என்ன பதில் சொன்னார் என்பது மட்டும் இன்றுவரை யாருக்கும் கேட்டதில்லை.

அவர்களுக்கு ஒரு சின்னப் பாய்ப்படகு. ஹெந்தளையில் மீன் ஏற்றி வந்து, வெறும் படகாய்த் திரும்பிப் போகும். வழியில் கால்வாய்க்குக் குறுக்கே ஒரு தாழ்ந்த பாலம். பாய்மரத்தைப் பின்பக்கமாய்ச் சாய்த்துப் படுக்கப் போட்டால்தான் அடியால் நுழையலாம். முன்னால் பேர்னாட் நின்று, மரத்தைத் தாங்கும் கயிற்றைப் படகின் முனைக் கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றி மெல்ல மெல்ல இளக்குவார். பின்னால் மாக்ரெட் நின்று, சாய்ந்து வரும் மரத்தைக் கையில் ஏந்துவாள். எப்போது இளக்குவது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் அவள் தொண்டையில்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தப் பாலத்தில் போர்க்காலக் காவலுக்கு ஆமி சென்றி வந்தது. அப்போதும் அவள் தொண்டை அடங்கவில்லை. ஆமிக்காரர்களும் பழகிவிட்டார்கள்.

அன்றைக்கு நகரத்தில் எங்கோ குண்டு வெடித்து வீதியெல்லாம் மறித்துவிட்டார்கள். பேர்னாட் காய்ச்சலில் படுக்கை. மருதானைத் தையல்காரன் மஷூர் கல்யாணச் சட்டை ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"அக்கா, ஹெந்தளைக்குப் போகோணும். பஸ் ஒண்டும் இல்ல."

"படகுல ஏறினா வேலை செய்யணும், டெய்லர். கயிறு புடிப்பியா?"

"நூல் புடிக்கிற கைதானே அக்கா."

பாலத்துக்கு முன்னால் படகைக் கரையில் கட்டினாள். கட்டையில் ஒரு சுற்று எப்படி என்று காட்டினாள். மரத்துக்குக் கீழே மட்டும் நிற்காதே என்று எச்சரித்தாள். "நான் இளக்கு எண்டா இளக்கு. புடி எண்டா புடி" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போனாள்.

"இளக்கு!"

பாலத்திலிருந்து துவக்கு நீண்டது. பழகிய முகம் இல்லை. புதுப் பையன், முகமெல்லாம் வேர்வை.

"கேகஹன்ட எபா!" சிங்களத்தில் அதட்டினான்; கத்தக் கூடாதாம். விரல் விசையில் இருந்தது.

மாக்ரெட் வாயை மூடிக்கொண்டாள். மஷூரைப் பார்த்துத் தலையைக் கீழே அசைத்தாள். அவன் புரிந்துகொண்டு இளக்கினான். மரம் சாய்ந்தது. சாயச் சாயக் கயிற்றில் பாரம் ஏறியது. பாதி இறங்கியபோதுதான் அவன் கையைக் கண்டாள்.

கட்டையில் ஒரு சுற்று சரியாகத்தான் இருந்தது. ஆனால் நழுவிவிடும் என்ற பயத்தில், மிச்சக் கயிற்றைத் தன் வலது மணிக்கட்டிலும் சுற்றிவைத்திருந்தான். கயிறு போகப் போகக் கையும் கூடவே போகிறது. கட்டைக்கும் மணிக்கட்டுக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை. இன்னும் கொஞ்சம் இளக்கினால் விரலெல்லாம் கயிற்றுக்கும் கட்டைக்கும் நடுவில் நசுங்கும். கத்தரி பிடிக்கிற விரல்கள்.

தலையைப் பக்கவாட்டில் ஆட்டினாள். அவன் நிறுத்தினான். நன்றாகச் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தான். அவிழ்க்கவும் வழியில்லை, பாரம் முழுக்கக் கயிற்றில் நிற்கிறது.

"இக்மன் கரண்ட!" மேலேயிருந்து பையன் அவசரப்படுத்தினான்.

மஷூர் பயந்து மறுபடி இளக்கப் போனான். கத்தினால் துவக்கு. கத்தாவிட்டால் கை. மாக்ரெட் யோசிக்கவில்லை. குனிந்து மரத்துக்குக் கீழேயே புகுந்து, தோளைக் கொடுத்து, முன்பக்கமாய் நடந்தாள். தோளில் ஏதோ நொறுங்கியதுபோல் இருந்தது. மரம் ஒரு முழம் மேலே போயிற்று. கயிறு தொய்ந்தது.

மஷூர் விழித்தான். அவள் தாடையை நீட்டி அவன் மணிக்கட்டைக் காட்டினாள். ஒரு தடவை. இரண்டாம் தடவை. அப்போதுதான் அவன் முகம் வெளுத்தது. இடக்கையால் பரபரவென்று அவிழ்த்து, கட்டைச் சுற்றோடு மட்டும் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவள் மரத்தடியிலிருந்து அங்குலம் அங்குலமாய்ப் பின்வாங்கினாள். மரம் படுத்தது.

"ஹரி, யண்ட" என்றான் பையன். போகலாமாம்.

பாலம் தாண்டி, வளைவும் திரும்பும்வரை அவள் வாய் திறக்கவில்லை. பிறகு திறந்தாள்.

"டேய் விசரா! கைல சுத்துவாங்களா? அது என்ன காப்பா? விரல் போயிருந்தா இனிக் கல்யாணச் சட்டையெல்லாம் உன்ட வாப்பாவா தைப்பார்?"

மஷூர் விரல்களை ஒவ்வொன்றாய் மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மணிக்கட்டைச் சுற்றி மட்டும் சிவப்பாய்க் கயிற்றுத் தடம்.

மரத்தை மறுபடி நிமிர்த்த அவள் கையைத் தூக்கினாள். கை இடுப்புக்கு மேல் வரவில்லை. தள்ளுகோலை அவனிடம் நீட்டினாள்.

"அக்கா, தோள் நல்லா வீங்கி ஈக்கிது. இனி உங்கட சட்டைக்கும் புதுசா அளவெடுக்கோணும்."

"வாயப் பொத்திக்கொண்டு தள்ளு!"

அவன் தள்ளினான். மரம் படுத்தபடியே, அவள் ஏசியபடியே, படகு ஹெந்தளைக்குப் போய்ச் சேர்ந்தது.