கீப்பும் ஒரு படித் தவிடும்

இங்கிலீஷில் எனக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டு. கீப். சொல் என்ன பாவம் செய்தது என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யவில்லைதான். ஆனால் நான் அதோடு பழகியவள், அதன் குணம் எனக்குத் தெரியும். எந்த வேலையைக் கொடுத்தாலும் முடியாது என்று சொல்லத் தெரியாத ஆட்கள் இருப்பார்களே, அந்த ரகம். அவர்களை நம்பி ஒரு காரியத்தில் இறங்கக்கூடாது.

ஊரிலிருந்து கப்பலேறி வந்த எங்கள் ஆட்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லைன் வீடுகளிலிருந்து கொஞ்ச தூரத்தில் மிஷன் பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே எங்கள் வெள்ளைக்கார டீச்சர், லைன்காரர்களுக்கு மிசியம்மா, வாரம் ஒரு வினைச்சொல் சொல்லிக்கொடுப்பார். பலகையில் எழுதிவிட்டு, ஒவ்வொருத்தியாக எழுப்பி, அதை வைத்து ஒரு முழு வாக்கியம் சொல்லச் சொல்வார். பாதியில் நிறுத்தினால் உட்கார விடமாட்டார். திட்டவும் மாட்டார். கையைக் கட்டிக்கொண்டு நம் முகத்தையே பார்த்துக் காத்திருப்பார். திட்டினால்கூடப் பரவாயில்லை என்று இருக்கும்.

கீப் வந்த வாரத்தில் ஒருத்தி கடிகாரம் சரியான நேரம் காட்டுவதைச் சொன்னாள். ஒருத்தி மாட்டுவண்டி இடப்பக்கமாகவே போகவேண்டும் என்றாள். அடுத்தவள் சித்தப்பா கடை வைத்திருப்பதை, இன்னொருத்தி கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதை. எல்லாவற்றுக்கும் கீப்தான். என் முறை வந்தபோது, "ஐ கீப் ஹென்ஸ்" என்றேன். பச்சைப் பொய். எங்கள் வீட்டில் கோழியே கிடையாது. டீச்சர் வீட்டுக் கொல்லையில் மேய்ந்த கோழிகளை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வாயில் வந்ததைச் சொன்னேன். முழு வாக்கியம் என்பதால் உட்கார விட்டார்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் இதையெல்லாம் ஒப்பித்தேன். தமிழில் கோழியை வளர்க்கிறோம், வாக்கைக் காப்பாற்றுகிறோம், வாயை மூடுகிறோம். அவர்களுக்கு எல்லாம் ஒரே சொல்தான் என்றேன். அம்மா புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க ஊர்ல சொல்லுக்குப் பஞ்சமாட்டம் இருக்கு, தாயி" என்றாள்.

நான் பிறப்பால் சீனத்தி. இது ரகசியம் ஒன்றும் இல்லை. முகத்தை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? எங்கள் லைனுக்குக் காய்கறி கொண்டுவந்து விற்ற ஒரு சீனப் பெண்ணுக்கு வரிசையாகப் பெண்பிள்ளைகள். அம்மாவுக்குப் பிறந்ததெல்லாம் தங்காமல் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் கூடையில் கீரைக்கட்டுகளுக்குப் பக்கத்தில் நானும் வந்தேன். அந்தக் காலத்தில் இது நடக்கிற காரியம்தான். எங்கள் லைனிலேயே என்னைப்போல் இன்னும் இரண்டு வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். பொட்டு வைத்து, தலை பின்னி, பாவாடை கட்டிவிட்டால் பிள்ளை பிள்ளைதான்.

பிள்ளையைச் சும்மா வாங்கக்கூடாது என்பது நம் வழக்கம். பெற்றவள் முந்தானையில் ஒரு படித் தவிடு போட்டு வாங்கவேண்டும். அப்போதுதான் பெற்றவளுக்கு உரிமை விட்டுப்போகும், பிள்ளையும் தங்கும். அம்மா அப்படித்தான் செய்தாள். அந்தச் சீனப் பெண்ணுக்கு முந்தானை இல்லை, சட்டைதான். தவிடு எதற்கென்றும் புரியவில்லை. சட்டை நுனியை விரித்து வாங்கிக்கொண்டாளாம். அவள் வீட்டில் பன்றிகள் இருந்தன, வீணாகியிருக்காது.

தமிழ் வீட்டுப் பிள்ளைகளில் "உன்னத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்ற கேலியைக் கேட்காத பிள்ளை உண்டா? லைனில் எல்லாப் பிள்ளைகளும் அதைக் கேட்டு அழுதார்கள். நான் அழவில்லை, சிரித்தேன். எனக்கு மட்டும்தான் அது உண்மை. உண்மையில் கேலி எங்கே இருக்கிறது?

நான் வந்து சில வருஷங்களில் தம்பி பிறந்தான், பிழைத்தும் கொண்டான். என் கால் ராசி என்றார்கள். அம்மா எனக்குத்தான் முதலில் சோறு போடுவாள்.

அப்பா ரயில்வேயில் விளக்குக்காரர். சாயங்காலமானால் சிக்னல் கம்பங்களில் ஏறி விளக்கு வைப்பார். காலையில் இறக்கிக் கண்ணாடி துடைத்து மண்ணெண்ணெய் ஊற்றுவார். முப்பதுகளின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தது. அதன் பின்னால் எல்லாம் விழுந்தது. தோட்டத்து ஆட்கள் மூட்டையும் பிள்ளையுமாகப் பட்டணத்து ரோட்டில் நின்றார்கள். பிறகு ரயில்வேயிலும் ஆள் குறைத்தார்கள். விளக்கு எரியவேண்டும், ஏற்றுவதற்கு இத்தனை பேர் வேண்டாம் என்றார்களாம். அப்பாவுக்கும் வேலை போனது. வேலை போனால் கொஞ்ச நாளில் லைன் வீடும் போகும். ஊருக்குத் திரும்புகிறவர்களுக்குச் சர்க்கார் செலவில் கப்பல் உண்டு என்றார்கள். அப்பா அதற்குப் பெயர் கொடுக்கப் போனபோது என்னையும் அழைத்துக்கொண்டு போனார்.

கூட்டிக்கொண்டு போகிறார், ஆகவே நானும் கப்பலில் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். போகிற வழியெல்லாம் கடல் எப்படியிருக்கும் என்பதே யோசனை. அன்றைக்கு எனக்கு வேறு கவலையே இல்லை. இதை எழுதும்போது அந்தப் பெண்ணைப் பிடித்து உலுக்கவேண்டும்போல் இருக்கிறது.

ஆபீஸில் மேஜைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரத் துரை மட்டும் உட்கார்ந்திருந்தார். தமிழில் கேட்டு இங்கிலீஷில் சொல்லும் ஆபீஸ் கிராணி இல்லை. ஆள் குறைப்பில் அவரும் போய்விட்டார் என்று வெளியே நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். அதனால்தான் அப்பா என்னை அழைத்து வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது. பேச்சை மொழிமாற்றிச் சொல்ல.

துரை அப்பாவின் பெயர் கேட்டார், சொன்னேன். ஊர், தாலுகா, மனைவி, மகன். எல்லாம் சொன்னேன். துரை நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அப்பா முகத்தைப் பார்த்தார். இப்படிப்பட்ட பிள்ளைகளை அதற்கு முன்னாலும் பார்த்திருப்பார்போல, ஆச்சரியம் ஒன்றும் காட்டவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ஆஸ்க் ஹிம், இஸ் ஹி கோயிங் டு கீப் யூ?"

அந்தச் சொல்லின் இத்தனை உபயோகங்களில் இது ஒன்றை எங்கள் வகுப்பில் யாரும் சொல்லவில்லை.

"தொரை என்னா கேக்குறாரு, பாப்பா?"

"என்னய வச்சிக்கிறீங்களான்னு கேக்குறாருப்பா."

அப்பா தன் கையைப் பார்த்துக்கொண்டார். வேலை நின்று எத்தனையோ நாளாகியும் நகக்கண்ணில் கரி போகவில்லை. துரையைப் பார்த்துத்தான் சொன்னார், என்னைப் பார்க்கவில்லை.

"மிசியம்மா ஸ்கூல்ல வச்சிக்குவாங்க. பேசிட்டேன்னு சொல்லு."

என்னிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் கேட்டவருக்குப் பதில் சொல்லியாகவேண்டும் அல்லவா? சொன்னேன்.

"தி ஸ்கூல் வில் கீப் மீ, சார்."

முழு வாக்கியம். ஒரு பிழை கிடையாது. துரை எழுதிக்கொண்டே, நல்ல இங்கிலீஷ் என்று பாராட்டினார். வெளியே வந்து வெயிலில் நடந்தோம்.

"கடசியா தொரை என்னமோ சொன்னாரே?"

"நல்லா இங்கிலீஷ் பேசுறேன்னாரு."

"படிக்க வச்சது வீண்போவல" என்றார் அப்பா.

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சந்தோஷப்பட்டார். அழுகை வரும் என்று நானும் எதிர்பார்த்துக்கொண்டே நடந்தேன், வரவில்லை. கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி உள்ளுக்குள் கிள்ளிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன், இன்னும் கொஞ்சம் ரசம்கூடக் கேட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் அம்மா தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"ஊர்ல ஒங்கப்பாவோட பங்காளிங்க வாசப்படி ஏத்தமாட்டாங்க, தாயி. எந்தச் சாதி, எந்தக் கொலம்னு ஆயிரம் கேப்பாங்க. ஒன்ன மாட்டுக்கொட்டாயில படுக்கவச்சா நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா? நாளைக்கு ஒன்ன எவன் கட்டுவான்? இங்கன்னா நாலு எழுத்துப் படிச்சுப் பொழச்சிக்குவ."

அது உண்மையாகத்தான் இருந்திருக்கும். அம்மா பொய் சொல்கிறவள் இல்லை. உண்மையாக இருந்தால் நியாயமாகிவிடுமா என்ற கேள்வி எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் வந்தது. வந்தபோது கோபமும் சேர்ந்தே வந்தது, யாரிடம் காட்டுவது? அன்றைக்கு "சரிம்மா" என்றேன். பாய் விரித்தேன். தம்பி என் பக்கத்தில் வந்து படுத்து, கப்பலில் ஜன்னலோரம் தனக்குத்தான் என்றான். சரி என்றேன்.

கிள்ளான் துறைமுகத்துக்கு ரயில் ஏறுகிற அன்று காலையில் என்னை டீச்சர் இருந்த மிஷன் வீட்டுக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார்கள். அங்கே தங்கிப் படிக்கிற பெண்பிள்ளைகளுக்குச் சமையல் செய்யும் ஆயா ஒருத்தி உண்டு. டீச்சர் வருவதற்கு முன்னால் அவள்தான் வந்தாள். ஒரு தகர டப்பாவில் தவிடு கொண்டுவந்தாள். கோழிக்கு என்று வைத்திருந்ததில் அளந்து எடுத்தது. கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து எத்தனையோ வருஷமாகியும் பழைய வழக்கம் அவளை விடவில்லை.

"சும்மா புள்ளையக் குடுக்கக்கூடாது, தங்கச்சி. முந்தானையப் பிடி. வாங்கிக்கிட்டாத்தான் புள்ள இங்க தங்கும், நோவு நொடி இல்லாம இருக்கும்."

அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள். அம்மாவுக்கும் அந்த வழக்கத்தின் அர்த்தம் நன்றாகத் தெரியும், ஒருகாலத்தில் தவிடு அளந்து போட்டவள் அவள். இப்போது அந்தச் சீனப் பெண் நின்ற இடத்தில் தான் நிற்பது அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும். ஓரடி பின்னால் போனாள். தொங்கிக்கொண்டிருந்த முந்தானையை இழுத்து இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டாள்.

"நான் குடுக்கலக்கா" என்றாள். "வச்சிட்டுப் போறேன்."

"வாங்காம போனா புள்ளைக்கு ஆவாது, தங்கச்சி."

"ஆவும். நான் ஒருவாட்டி வாங்குன புள்ள இது. இன்னொருவாட்டி விக்கிறதுக்கு இல்ல."

அப்பாவுக்கு ரயிலுக்கு நேரமாகிவிடும் என்ற தவிப்பு. "வா புள்ள, மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான்" என்று அம்மாவை அழைத்தார். எல்லாரும் சொல்வதுதான், அவரும் சொன்னார். வைத்தவரே கப்பல் ஏறப் போகிறாரே, யார் ஊற்றுவது என்று இப்போது எனக்குக் கேட்கத் தெரியும்.

டீச்சர் படியிறங்கி வந்தார். ஆயா கையில் டப்பாவோடு நிற்பதையும், அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும் பார்த்தார். ஏதோ தகராறு என்று நினைத்திருப்பார். உன் அம்மா என்ன சொல்கிறாள் என்று என்னைக் கேட்டார்.

"ஷி சேஸ், கீப்" என்றேன்.

டீச்சர் கையைக் கட்டிக்கொண்டார். முழு வாக்கியத்துக்காகக் காத்திருந்தார். என் வாயில் அதற்குமேல் வரவில்லை. யார், யாரை, எதுவரைக்கும், ஒன்றும் வரவில்லை. அந்த ஒருமுறைதான் அவர் காத்திருந்துவிட்டு, முடிக்கச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

அம்மா என் தலையைத் தடவினாள். பின்னல் தளர்ந்திருக்கிறது என்று அவிழ்த்து மறுபடி இறுக்கிப் பின்னிவிட்டாள். அப்பா வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். தம்பி, அக்கா அடுத்த வண்டியில் வரும் என்று நினைத்துக்கொண்டு சந்தோஷமாகக் கையாட்டினான். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை பார்த்தேன். பிறகு உள்ளே போய், சொன்ன வேலையைச் செய்தேன். பாத்திரம் கழுவச் சொன்னார்கள், கழுவினேன்.

கடிதாசிகள் கொஞ்ச காலம் வந்தன. பிறகு வரவில்லை. நான் படித்தேன், அதே பள்ளிக்கூடத்தில் டீச்சரும் ஆனேன். வாரம் ஒரு வினைச்சொல் சொல்லிக்கொடுத்தேன். கீப் வரும் வாரத்தில் பிள்ளைகள் அரை வாக்கியம் சொன்னாலும் உட்காரச் சொல்லிவிடுவேன்.

அவர்கள் போன அன்று சாயங்காலம், அடுப்படி மூலையில் அந்தத் தகர டப்பா அப்படியே இருந்தது. அம்மா மனசு மாறித் திரும்பி வந்து வாங்கிக்கொள்வாள் என்று ஆயா எடுத்து வைத்திருந்தாளோ என்னவோ, எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. டப்பாவைக் கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கோழிகளுக்குக் கொட்டினேன். அவை அடித்துப்பிடித்துக்கொண்டு தின்றன. அடியில் ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்துப் போட்டுவிட்டு, கடைசிப் பொட்டு தீரும்வரை அங்கேயே நின்றேன்.