கட்டத்துக்குள் ஒரு பூஜ்யம்

எண்ணூர் நெடுஞ்சாலையில் பேருந்து நகராமல் நின்ற ஒரு திங்கட்கிழமை காலையில்தான் அந்தக் கேள்வி தோன்றியது. ஜன்னலுக்கு வெளியே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஒரு கன்டெய்னர் லாரி. பெட்டியின் மேல் நான்கு எழுத்துகள், ஆறு இலக்கங்கள், கடைசியாகச் சின்னக் கட்டத்துக்குள் தனியாக ஒரு 7. திருவொற்றியூரில் பிறந்து, இந்தப் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று நின்றே வளர்ந்தவள் நான். அந்த ஏழுக்கு அங்கே என்ன வேலை என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

கைபேசியில் தேடினேன். எழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. முதல் இடத்தை ஒன்றால் பெருக்கு, அடுத்ததை இரண்டால், அதற்கடுத்ததை நான்கால், இப்படி இரட்டித்துக்கொண்டே போ. எல்லாவற்றையும் கூட்டிப் பதினொன்றால் வகு. மீதிதான் கட்டத்தில் இருக்கும். பயணச்சீட்டின் பின்பக்கம் போதாமல் உள்ளங்கையிலும் எழுதிப் பார்த்தேன். மீதி ஏழு!

முந்தின நாள்தான் எங்கள் தெருப் படிப்பகத்தில் என் முதல் உரை. எம்.எஸ்ஸி. கணிதம் முடித்த வேகத்தில், பகா எண்களுக்கு முடிவில்லை என்று பலகை நிறைய நிறுவிவிட்டுத் திரும்பினால் மூன்றே பேர். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே படிப்பகச் செயலாளர் சொன்னார்: "இன்னா டீச்சரு, நம்பருக்கு முடிவே இல்லன்னு சொல்லிக்கினு இருந்தே, ஆளுங்க முடிஞ்சிட்டாங்களே! இன்னும் ஒரு ஞாயிறு தரேன். அப்பால கேரம் போட்டிக்கு ஹால் வோணும்."

அந்த ஒரு ஞாயிறை விடுவதாக இல்லை. 'உங்க பொட்டி நம்பரோட வாங்க' என்று டீக்கடையில் எழுதி ஒட்டினேன். லாரி ஓட்டுநர்கள் வந்தார்கள், கன்டெய்னர் யார்டில் வேலை செய்பவர்கள் வந்தார்கள். கைபேசியில் இருந்த படங்களைப் பார்த்துக் கணக்குப் போட்டார்கள்.

"எனக்கு மூணு வருது, பொட்டியிலயும் மூணு கீது!"

"மாமு, நீ கூட்டனதே தப்பு. வூட்ல போயி வாய்ப்பாடு படி."

அந்த இரைச்சலில் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "ஒரே ஒரு நம்பர் மாறினாலும் இது காட்டிக்கொடுத்திடும். தப்பிக்கவே முடியாது" என்றேன்.

பின்வரிசையில் ஓர் அக்கா எழுந்தார். யார்டு கேட்டில் பெட்டி எண்களைக் கணினியில் ஏற்றுபவர்.

"அப்ப நீயும் அதயேதான் சொல்றியா? போன மாசம் மூணுக்கு பதிலா நாலு அட்ச்சிட்டேன். கம்ப்யூட்டரு கம்முனு ஏத்துகிச்சி. பொட்டிய ரெண்டு நாளு தேடுனோம். தப்புன்னா ஸ்கிரீன்ல சிவப்பு வந்திருக்கும், நீ பாக்காம தள்ளிட்டேன்னு மெமோ குட்த்தாங்க. சிவப்பு வரவே இல்லம்மா. இன்னொரு மெமோ வந்தா வேலை பூடும்."

கட்டத்துக்குள் என்ன இருந்தது என்று கேட்டேன்.

"பூஜ்யம்."

எனக்குத் தெரிந்த விஷயம். பேருந்திலேயே படித்திருந்தேன். பதினொன்றால் வகுத்தால் மீதி பத்தும் வரலாம். கட்டத்தில் ஓர் இலக்கத்துக்குத்தான் இடம் என்பதால் பத்துக்கும் பூஜ்யமே போடுவார்கள். உரையின் அழகைக் கெடுக்கிறதே என்று அதை விட்டுவிட்டேன். அதை அப்படியே எல்லோரிடமும் சொன்னேன்.

அக்காவின் மெமோவில் இருந்த இரண்டு எண்களையும் பலகையில் எழுதினோம். மாறியது எழுத்துகளுக்கு அடுத்த இரண்டாவது இலக்கம், அதாவது ஆறாவது இடம். முப்பத்திரண்டால் பெருக்கும் இடம். மூன்று நாலானால் கூட்டலில் முப்பத்திரண்டு ஏறும்; பதினொன்றால் வகுத்தால் அதன் மீதி பத்து. சரியான எண்ணுக்கு மீதி பூஜ்யம். தப்பான எண்ணுக்குப் பத்து. கட்டத்துக்குள் இரண்டுக்கும் ஒரே பூஜ்யம்.

அக்கா பலகையைப் படம் எடுத்துக்கொண்டார். "இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"தப்புதான்க்கா."

"எங்க சூப்பர்வைசராண்ட வந்து சொல்வியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் செயலாளர் முந்திக்கொண்டார். "போம்மா, போய் சொல்லு. கேரம் அடுத்த மாசம் வெச்சிக்கலாம்."

நாளைக் காலை ஷிப்டு மாறும் நேரத்தில் கேட்டுக்குப் போகிறோம். பத்து நிமிடம்தான் கிடைக்குமாம். ஒற்றைத் தாளில் எழுதியிருக்கிறேன். முதல் வரியே மீதி பத்து. சூப்பர்வைசர் என்னை நம்ப வேண்டியதில்லை. அந்த நாலை அவர் கையாலேயே இன்னொரு முறை அடித்துப் பார்க்கச் சொல்லப்போகிறேன். கணக்கை அக்காவே போட்டுக்காட்டுகிறாராம். இதுவரை இரண்டு முறை சரியாக வந்துவிட்டது. மூன்றாவது முறைக்கு இப்போது என் எதிரில் உட்கார்ந்து பெருக்கிக்கொண்டிருக்கிறார்.